சுற்றிலும் ஒரு தலை அளவு

நூற்று நாற்பத்திரண்டு பக்கம்.
முஜம்மில் சார் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு
ஆணியில் மாட்டியிருக்கிறார்,
காலண்டருக்குப் பக்கத்தில்.

ஓடுகிறவன் ஒருவன். முகமில்லை, விரலில்லை.
தலை ஒரு வட்டம், கால்கள் இரண்டு வளைகோடு.
நாலாம் பக்கத்தில் அர்த்தம் போட்டிருந்தது:
வலது கால் அந்த ஊர் மலை, இடது கால் அந்த ஊர் ஆறு.
தில்ஷாத் போனில் தேடிக் காட்டினாள்.
ஆற்றில் தண்ணீர் இருந்தது.

அவனை எப்படியெல்லாம் அச்சடிக்கக் கூடாது என்பதற்கே
இருபது பக்கம்:
நீட்டக் கூடாது, சாய்க்கக் கூடாது,
நிழல் வைக்கக் கூடாது,
பூப்போட்ட துணிமேல் நிறுத்தக் கூடாது.
முப்பத்தோராம் பக்கம்தான் முக்கியம் என்றார் சார்.
அவன் தலை எவ்வளவோ
அவ்வளவு இடம் நாலு பக்கமும் காலியாக இருக்கணும்,
எழுத்தோ கோடோ தையலோ உள்ளே வரக் கூடாது.
"கொடுத்து வெச்சவன்" என்றாள் தில்ஷாத்.

குடியாத்தத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில்
மூணு பேர் சீட்டில் நாலு பேர்.
என் மடியில் ரெபேக்காளின் டிபன் பை,
ரெபேக்காளின் தோளில் யாருடைய தூக்கமோ.

நீலத்துக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.
இருநூத்தி எண்பத்தாறு.
ஆம்பூர் பஜாரில் பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்து
"ஒரு ஷேடு கூட" என்கிறேன்.
சின்னவனுக்கு யூனிபார்ம் எடுக்கப் போன கடையில்
ஏழு துணி பிரித்துப் போட்டு அலுத்துப்போனார்:
"நீலம்னா நீலம்தாம்மா."
இல்லை.

கத்திரி வெயில். வெளியே நாற்பத்திரண்டு,
ஃபாயில் மெஷின் வாயில் நூற்றுப் பத்து.
பயணப்பெட்டியில் கட்டுகிற தோல் டேக்,
வைத்து, அழுத்தி, எடுத்து, வைத்து, அழுத்தி.
ஒரு மதியம் அச்சுக்கட்டை தளர்ந்ததை
யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.
ஆயிரத்து நூறு பேர்
ஒன்றரை டிகிரி முன்னால் சாய்ந்து ஓடினார்கள்.
எனக்கென்னவோ அப்போதுதான்
நிஜமாகவே ஓடுகிற மாதிரி இருந்தது.
சாரிடம் சொல்லவில்லை.

மெயில் வந்தது.
விற்கக் கூடாது, சும்மாவும் கொடுக்கக் கூடாது,
அடையாளம் தெரியாமல் வெட்டி
போட்டோ அனுப்ப வேண்டும்.
கத்திரியோடு உட்கார்ந்தோம்,
நாலு பேர், ரெண்டு நாள்.
ரெபேக்காள் முதலில் தலையில் வெட்டினாள்,
அப்புறம் மனசு கேட்காமல் இடுப்புக்கு மாறினாள்.
நான் ஆரம்பத்திலிருந்தே இடுப்புதான்.
கட்டைவிரல் கொப்புளத்துக்கு
ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில் டேப் இருந்தது.
அதுவும் நீலம். நம்பர் வேறு.

ஆடி மாசம் போட்டி தொடங்கிவிட்டது.
ஊர்ப் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை.
வீடு திரும்பும் பஸ்ஸில்
தில்ஷாத் போனில் எட்டிப் பார்க்கிறோம்.
மாதனூர்ப் பாலத்தில் சிக்னல் போய்,
பாலாற்று மணலைக் கடந்து மறுபடி வரும்போது
யாரோ ஒருத்தி ஜெயித்துவிட்டிருந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால் பேனரை அளந்துகொண்டிருந்தேன்.
மேலே தலை அளவு, கீழே தலை அளவு. சரி.
நீலம் சரி. சாய்வு இல்லை.
மூச்சு வாங்க நடந்து வந்தவள்
அப்படியே அந்தப் பேனர்மேல் சாய்ந்தாள்.
துணி மடங்கியது,
சரியாக இடுப்பில்.
முப்பத்தோராம் பக்கத்துக்குள்
ஒரு ஆள் வந்து நிற்கிறாள், வியர்வையோடு.
யாரும் மெயில் போடவில்லை.

"எந்த நாட்டுக்காரி?"
ரெபேக்காள் என் தோள்மேலிருந்து கேட்டாள்.
"பார்க்கலையே."
"அப்ப இவ்வளவு நேரம் என்னத்தைத்தான் பார்த்த?"

கொஞ்சம் தள்ளி உட்காரு என்றேன்.
எங்கே தள்ளுவது என்று சிரித்தாள்,
தள்ளுகிற மாதிரி லேசாக அசைந்தாள்.